தூங்காத நாடிப்பெட்டி

தர்ஷினி அம்மாளின் கார் அந்த மாதத்தில் மூன்றாவது முறையாகச் செத்துக் கிடந்தது. சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் ஸ்டியரிங்குக்குக் கீழே பதித்திருந்த நாடிப்பெட்டியில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது: ‘குறை இல்லை.’

“கிளம்ப மாட்டேங்குத வண்டிக்குக் குறை இல்லையாம்லா. நல்ல கூத்து” என்றான் மெக்கானிக் பேச்சிமுத்து. அதையும் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் சொன்னான். மனிதர்களுக்குக் கேட்கும்படி பேசுகிற பழக்கம் அவனுக்கு விட்டுப்போயிருந்தது.

எழுபது வயதுக்காரிகளுக்கெல்லாம் தர்ஷினி, ஹரிணி, அக்‌ஷயா என்று பேர் இருக்கிற காலம் அது. நாடிப்பெட்டி வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. முதலில் வண்டிகளுக்குத்தான் வந்தது. ஒயர் எங்கே அறுந்திருக்கிறது, எந்த பிளக் கரி பிடித்திருக்கிறது, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பெட்டியே சொல்லிவிடும். மெக்கானிக் என்கிறவன் பெட்டி சொன்ன சாமானைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுகிற ஆள், அவ்வளவுதான். பிறகு அது ஃபிரிட்ஜுக்கு வந்தது, தண்ணீர் மோட்டாருக்கு வந்தது. அப்புறம் மனிதனை மட்டும் விட்டுவைப்பானேன் என்று கையில் நாடிக்காப்பும், வீட்டுச் சுவரில் நாடிப்பலகையும் வந்து சேர்ந்தன. பலகையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. ‘மாமியார்: மூட்டு வீக்கம், லேசானது. மருமகன்: குறை இல்லை.’

வசதிதான், குற்றம் சொல்ல முடியாது. எத்தனையோ உயிர் பிழைத்தது. ஆனால் பாளையங்கோட்டை முழுக்க, ஏன், திருநெல்வேலிச் சீமை முழுக்க, ‘என்னாச்சு?’ என்கிற ஒரு கேள்வி ஓசைப்படாமல் காணாமல்போனது. எதற்குக் கேட்க வேண்டும்? பலகையைப் பார்த்தால் போயிற்று. யாராவது தப்பித்தவறிக் கேட்டுவிட்டால், பலகை வாசிக்கத் தெரியாத ஆளா இவன் என்று பார்த்தார்கள்.

பேச்சிமுத்துவின் மனைவி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவனை விட்டுப் போனாள். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவன் பலகையைப் பார்த்தான். ‘வீட்டில் ஆள்: ஒன்று. குறை இல்லை.’ அப்படித்தான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. அதற்கு முந்தின நாளும் பலகையில் இரண்டு பேருக்கும் பச்சைதான் காட்டியது. இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறான். பலகை இன்னும் அதையேதான் சொல்கிறது.

சரி, காருக்கு வருவோம். ஊர்திநல வாரியத்தில் ஒரு விதி இருந்தது. காரணம் தெரியாமல் மூன்று முறை நின்ற வண்டி சாலைக்கு ஆகாது. நசுக்கு முற்றத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு யந்திரம் அரை நிமிஷத்தில் வண்டியைத் தகரப் பெட்டி அளவுக்கு அமுக்கிவிடும். இதற்கு முன் இரண்டு முறை வேறு யாரோ இரண்டு மெக்கானிக்குகள் வந்து, பேட்டரியை ஏற்றிக் கொடுத்துவிட்டு, ‘குறை இல்லை’ என்று எழுதிப் போயிருந்தார்கள். இப்போது பேச்சிமுத்து செய்ய வேண்டியது, மூன்றாவது கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவது. நாலு மணிக்கு லாரி வரும்.

பெருமாள்புரத்தில் ஒரு முட்டுச்சந்தில் இருந்தது வீடு. கார் ஷெட்டின் வாசலில் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தர்ஷினி அம்மாள் நின்றாள். ஒல்லி உடம்பு, பேசும்போது முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கிற பழக்கம்.

“கொண்டுதான் போயிருவாங்களா தம்பி?”

“விதி அப்படித்தாம்மா. வாரியத்துல வேற வண்டி தருவாங்க. பஸ்ஸும் வாசலுக்கே வருது.”

“பஸ்ஸுக்கு என்ன, வரும். நான் எங்க போகப் போறேன்? இத எடுத்துட்டுப் போனா நான் எங்கன போயி உக்காருவேன்?”

பேச்சிமுத்து கையெழுத்துப் போடப் படிவத்தை எடுத்தவன் நின்றான். எப்படிப் போவேன் என்று கேட்டிருந்தால் போட்டிருப்பான். எங்கே உட்காருவேன் என்று ஒருத்தி கேட்டால் என்ன செய்வது? அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

“மணி பத்தரதான ஆகுது” என்றான். “லாரி நாலு மணிக்குத்தான் வருது. பாப்போம்.”

பார்ப்போம் என்று சொல்லிவிட்டானே தவிர, பெட்டி சொல்லாமல் ஒரு பழுதைத் தேடி அவனுக்கு இருபது வருஷம் ஆகிறது. தொழில் கற்ற புதிதில், பெட்டி இல்லாத பழைய வண்டிகளில் கற்றது. கை மறந்திருக்காது என்று ஒரு குருட்டு நம்பிக்கை. தன் வேனை ஷெட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, பேட்டரிக்குப் பேட்டரி வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தான். எஞ்சின் பிடித்தது, ஆனால் ஒழுங்காக ஓடவில்லை. நாலு சிலிண்டரில் ஒன்று விட்டுவிட்டு அடித்தது. வண்டி முழுவதும் குளிர்க் காய்ச்சல்காரனைப்போல உதறியது. பெட்ரோலுக்குப் பதிலாக ஊற்றுகிற எரிசாராயத்தின் புளித்த வாடை ஷெட்டை நிறைத்தது. அம்மாள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது சிலிண்டரில் தீப்பொறி சரியாக விழவில்லை. பொறி கொடுக்கிற காயிலைக் கழற்றி முதலாவதில் மாட்டினான், முதலாவதின் காயிலை மூன்றாவதில் மாட்டினான். காயில் கெட்டிருந்தால் கோளாறும் அதோடு இடம் மாற வேண்டும். மாறவில்லை. ஒரு நிமிஷம் மூன்றாவது விட்டது, அடுத்த நிமிஷம் இரண்டாவது, பிறகு நாலாவது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தான், எல்லாம் சுத்தம். பேச்சிமுத்துவுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பொறி கொடுக்கிற சாமான்களில் குற்றம் இல்லை; அவற்றுக்குப் போய்ச் சேருகிற கரண்டே குறைச்சல். எஞ்சின் ஓடும்போது பதினாலு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் பதினொன்றரை காட்டியது.

“ஒங்க வண்டிக்கு ரெண்டு நோவு இல்லம்மா, ஒரே நோவுதான்” என்றான். அவனுக்கே தெரியாமல் குரலில் உற்சாகம் வந்திருந்தது. “எதுவோ பேட்டரியக் குடிச்சிக்கிட்டே இருக்கு. நிப்பாட்டி வச்சாலும் குடிக்குது. அதான் காலைல கிளம்ப மாட்டேங்குது. கிளம்பினாலும் எஞ்சினுக்குப் பத்த மாட்டேங்குது, திக்குது.”

“எது குடிக்குது?”

“அதத்தான் தேடணும்.”

எஞ்சினை அணைத்து, வயரைக் கழற்றி, கதவுகளைச் சாத்தினான். வண்டியின் சின்னச் சின்ன மூளைகளெல்லாம் அடங்கித் தூங்க அரைமணி நேரம் ஆகும். அதுவரை ஒன்றையும் தொடக்கூடாது. இரண்டு பேரும் ஷெட்டில் நின்றார்கள். அவன் தன் காப்பைப் பார்த்தான்: குறை இல்லை. அவள் தன் காப்பைப் பார்த்தாள்: குறை இல்லை. சந்தில் ஒரு ஆள் இல்லை. எதிர்வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடி, நின்று, ‘குறை இல்லை’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அரைமணி நேரம் இவ்வளவு நீளம் என்று பேச்சிமுத்துவுக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு பேட்டரி வயரில் கரண்ட் அளக்கிற கவ்வி மீட்டரை மாட்டினான். தூங்குகிற வண்டி குடிக்கிற கரண்ட் ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்குக்கு மேல் போகாது. மீட்டர் ஒன்று புள்ளி ஒன்று காட்டியது. இரண்டு நாளில் பேட்டரி காலி.

“வண்டி தூங்கலம்மா. உள்ள எதுவோ கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டு இருக்கு.”

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ஹாரன், விளக்கு, பாட்டுப்பெட்டி, கண்ணாடி ஏற்றுகிற மோட்டார், வைப்பர். மீட்டர் அசையவில்லை. இருபத்திரண்டு ஃபியூஸையும் பிடுங்கிப் பழைய செய்தித்தாளில் வரிசையாக அடுக்கிவைத்தான். கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம். அரக்கு முத்திரை வைத்த சிவப்பு ஃபியூஸ். அதைத் தொட்டால் லைசென்ஸ் போய்விடும். தொட வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாரையும் விசாரித்து முடித்த பிறகு வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஆள் என்றால், திருடன் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அது நாடிப்பெட்டியின் ஃபியூஸ்.

ஊரில் உள்ள எல்லாவற்றையும் சோதிக்கிற பெட்டியைச் சோதிக்க யாரும் ஒரு பெட்டி செய்யவில்லை. அது தன்னைத்தான் சோதித்துக்கொள்ளுமா என்றால், அதுவும் கிடையாது. முப்பது வருஷமாக ஒருத்தனுக்கும் தோன்றாத சங்கதி. பேச்சிமுத்து தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஆனால் பெட்டி எதற்கு முழித்திருக்க வேண்டும்? அதன் விதி அவனுக்குத் தெரியும், பயிற்சியில் மனப்பாடம் செய்தது. ஏதாவது ஒரு அளவு ஒத்துவராமல் இருந்தால், காரணம் கிடைக்கிறவரை வாரியத்தில் இருக்கிற தலைமைப் பெட்டியிடம் கேட்டுக்கொண்டே இருக்கும், தூங்காது. வண்டியில் அப்படி ஒன்றும் இல்லை. வண்டியை விட்டால் பெட்டி அளக்கிற விஷயம் இன்னும் ஒன்றுதான் உண்டு: ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற கையின் நாடி, பேசுகிற குரல்.

நிமிர்ந்து பார்த்தான். தர்ஷினி அம்மாள் எப்போது போய் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. டிரைவர் சீட்டில் இருந்தாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேல். எதிரே இருந்த மதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா” என்றான் பேச்சிமுத்து. “என்னாச்சு?”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். எத்தனையோ வருஷமாக வாயில் வராத சொல். அவளும் திடுக்கிட்டுத்தான் போனாள்.

“ஒண்ணுமில்ல தம்பி.”

“சரிம்மா” என்று மீட்டரைப் பார்த்தான். ஒன்று புள்ளி நாலு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியிருந்தது.

கொஞ்ச நேரம் ஒரு துணியால் பேட்டரி முனையைத் துடைத்தான். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. “இல்லம்மா, நெசமாத்தான் கேக்கேன். என்னாச்சு?”

“ஒண்ணுமில்லங்கேன்லா. இருங்க, காப்பி போட்டுட்டு வாரேன்.”

ஒன்றரை.

அவள் எழுந்து போனாள். இரண்டு டம்ளரோடு வந்தாள். ஒன்றை அவன் கையில் கொடுத்துவிட்டு, மற்றதோடு அதே சீட்டில் உட்கார்ந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. செய்தித்தாளில் கிடந்த ஃபியூஸ்களைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது தடவை கேட்டான்.

“எதுக்கும்மா இதுல வந்து உக்காருதீங்க? என்னதான் ஆச்சு?”

அவள் பாதிக் காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள்.

“எங்க வீட்டுக்காரர் ஹரிஷ்” என்றாள் பிறகு. “அவரு போறதுக்கு முந்தி ரெண்டு வருசம் தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு இதுல வந்து உக்காருவாரு. வண்டிய எடுக்க மாட்டாரு. சும்மா உக்காந்திருப்பாரு. ஏழு மணிக்கு உள்ள வருவாரு. நான் பலகையப் பாப்பேன். குறை இல்லன்னு இருக்கும். சரி, காத்தாட உக்காந்திருக்காருன்னு விட்டுட்டேன்.”

மீட்டர் ஒன்று புள்ளி இரண்டுக்கு இறங்கியது.

“ஒரு நாளு கதவத் தொறந்து, ‘தர்ஷு, செத்த வாயேன்’ன்னாரு. நான் மாவு வழிச்சிக்கிட்டு இருந்தேன். அங்கன இருந்தே பலகையப் பாத்தேன். பச்சைதான். ‘எல்லாம் நல்லாத்தான இருக்கு, என்னத்துக்குக் கூப்பிடுதீங்க?’ன்னுட்டேன். கதவ மூடிக்கிட்டாரு. பொறவு கூப்பிடவே இல்ல தம்பி.”

புள்ளி ஏழு.

“அவரு போனது பலகைக்குத் தெரியாம இல்ல. ரெண்டு மாசம் முந்தியே சொல்லிட்டு. ஆஸ்பத்திரி, வைத்தியம் எல்லாம் பாத்தாச்சு. பலகை மேல நான் பழி சொல்லல. ஆனா அன்னைக்கு அவரு என்ன சொல்லக் கூப்பிட்டாரு? எனக்குத் தெரியாது. இனிமேயும் தெரியப்போறதில்ல. என்னாச்சுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா என்ன, என் வாயா வலிச்சிருக்கும்? அதான் தெனம் வந்து உக்காருதேன். அவரு எதப் பாத்துக்கிட்டு இருந்தாருன்னு பாக்கேன். மதில் சுவருதான் தெரியுது.”

அவள் அழுதாள். சத்தம் போட்டு இல்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு, தோள் மட்டும் குலுங்க. மீட்டர் புள்ளி மூன்று, புள்ளி ஒன்று என்று இறங்கி, நூற்றில் மூன்றில் வந்து நின்றது. பெட்டி தூங்கிவிட்டது. அது தேடிய காரணம் அதற்குக் கிடைத்துவிட்டது.

பேச்சிமுத்துவுக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. “காப்பி நல்லா இருக்கும்மா” என்றான். தன் வீட்டுப் பலகை அவனுக்கு ஞாபகம் வந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபியூஸ்களைத் திரும்ப மாட்டத் தொடங்கினான்.

நாலு மணிக்கு லாரி வந்தபோது பேட்டரி ஏறியிருந்தது. அம்மாள் சாவியைத் திருகினாள். நாலு சிலிண்டரும் ஒரு பிசிறு இல்லாமல் ஓடின. லாரிக்காரன் ‘காரணம் கண்டறியப்பட்டது’ என்ற வரியைப் படித்தான், உதட்டைப் பிதுக்கினான், போய்விட்டான். காரணம் என்ன என்று அவன் கேட்கவில்லை.

வாரியத்தின் படிவத்தில் நானூற்றுப் பன்னிரண்டு காரணங்கள் அச்சடித்திருந்தன. எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் ‘பிற’ என்ற கட்டத்தில் பேச்சிமுத்து தன் கையால் எழுதினான்: ‘வண்டியில் குறை இல்லை. பெட்டி காரணம் தேடி முழித்திருக்கிறது. உட்கார்ந்திருப்பவரிடம் என்னாச்சு என்று யாராவது கேட்டால் போதும்.’ எழுதி அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினான்.

“மறுபடி நின்னுட்டுன்னா?” என்றாள் அம்மாள்.

“கூப்பிடுங்க.”

அவள் கூப்பிடவில்லை. வண்டி ஒழுங்காக ஓடியது, எதற்குக் கூப்பிடுவாள்? ஒரு வாரம், இரண்டு வாரம் பார்த்தான். காலையில் அழைப்புப் பட்டியல் வந்ததும் பெருமாள்புரம் என்று இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினான். ஒரு மெக்கானிக் தான் சரிசெய்த வண்டி நின்றுபோகாதா என்று ஏங்குவது எவ்வளவு கேவலம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டான். திட்டிவிட்டு மறுநாளும் தேடினான்.

மூன்றாவது வாரம் வாரியத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கருவி செய்கிற நிறுவனம் அவன் குறிப்பைப் படித்து அசந்துபோய்விட்டதாம். பெட்டி பதிவுசெய்து வைத்திருந்த அன்றைய பேச்சை முழுவதும் ஆராய்ந்தார்களாம். இனி மாநிலத்தில் உள்ள எல்லா நாடிப்பெட்டியும் வண்டியில் ஏறி உட்காருகிறவரிடம் தானே கேட்டுவிடும். வசதியின் பெயர் ‘விசாரிப்பு’. இதற்காக ஒரு மனிதர் நேரில் போகத் தேவையில்லை என்பதைக் கடிதம் தடித்த எழுத்தில் சொல்லியிருந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் அன்றைய பேச்சில் இருந்த காப்பியையும், பேட்டரி முனையைத் துடைத்த நேரத்தையும், முதல் இரண்டு ‘ஒண்ணுமில்ல’வையும் வீண் சத்தம் என்று வெட்டி எறிந்துவிட்டு, கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பேச்சிமுத்து வேனில் ஏறினான்.

“சொல்லுங்க” என்றது பெட்டி. “என்னாச்சு?”

திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. அது அவனுடைய குரல்தான். ஆனால் அதில் ஒரு பரிவு இருந்தது. இப்படிக் கூடத் தனக்குப் பேசவருமா என்று அவனுக்குத் தெரியாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்தக் குரலில் வீட்டில் ஒரு தடவை பேசியிருக்கலாம் என்று நினைத்தான்.

“ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

ஊர் முழுக்க அன்று அதுதான் நடந்தது. அலுவலகம் போகிறவர், காய்கறி ஏற்றுகிறவர், கல்யாணத்துக்குக் கிளம்பியவர், எல்லாரிடமும் பேச்சிமுத்துவின் குரலில் பெட்டி கேட்டது. எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். வேறு என்ன சொல்வார்கள்? நம் ஊரில் என்னாச்சு என்று கேட்டால் ஒண்ணுமில்ல என்றுதான் முதலில் வரும். அது பதிலே இல்லை. கேட்கிறவர் நிஜமாகத்தான் கேட்கிறாரா, அடுத்த வேலையைப் பார்த்துக்கொண்டு போகிற ஆளா என்று தெரிந்துகொள்ள நாம் வைத்திருக்கிற ஒரு வழக்கம். பெட்டிக்கு அது தெரியுமா? வாய் ஒண்ணுமில்ல என்கிறது, நாடி வேறு என்னவோ சொல்கிறது, இரண்டும் ஒத்துவரவில்லை. அளவு ஒத்துவராவிட்டால் தூங்காதே என்பது விதி. தலைமைப் பெட்டியிடம் கேட்கத் தொடங்கியது. கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலை பேச்சிமுத்துவின் அழைப்புப் பட்டியலில் அறுநூற்று நாற்பது வண்டிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே குறிப்பு: ‘கிளம்பவில்லை. குறை இல்லை.’ பையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் வேனில் ஏறினான். சாவியைத் திருகினான்.

டக்.

கீழே இறங்கித் தெருவைப் பார்த்தான். வீட்டுக்கு ஒரு ஆளாகத் தத்தம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். எல்லாரும் கையில் இருந்த காப்பைப் பார்த்தார்கள், பானட்டைப் பார்த்தார்கள், மறுபடி காப்பைப் பார்த்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் இரண்டடி தள்ளித்தான் நின்றார். அவர் பேர் கவின் என்பது பேச்சிமுத்துவுக்குப் பலகை வழியாகத் தெரியும். அவரும் ஒன்றும் கேட்கவில்லை, இவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு வண்டியாவது கிளம்பியிருக்கும்.

இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் மாநிலத்திலேயே அவன் ஒருத்தன்தான். அவனுக்குக் கேட்கத் தெரியும். ஆனால் அவனை யார் கேட்பது? தன்னைத் தானே கேட்டுக்கொண்டால் போதுமா என்றால், அதைத்தான் வேன் மூன்று நாளாகச் செய்துகொண்டிருந்தது, அவன் குரலிலேயே.

போனை எடுத்தான். இரண்டு தடவை வைத்தான். மூன்றாவது தடவை அழைத்தான்.

“அம்மா, நான் மெக்கானிக் பேச்சிமுத்து. என் வண்டி நின்னுட்டு. ஒங்க வண்டி ஓடுதா?”

“நல்லா ஓடுதே! எங்கன இருக்கீங்க? இந்தா வாரேன்.”

ஊரே அசையாமல் கிடந்த அந்தக் காலையில் ஒரே ஒரு கார் பெருமாள்புரத்திலிருந்து வந்தது. தெருவில் நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். தர்ஷினி அம்மாள் வண்டியை வேனுக்கு நேர் எதிரே மூக்கோடு மூக்காக நிறுத்தி, ஒரு ஃபிளாஸ்க்கோடு இறங்கினாள்.

“ஒங்க வண்டி மட்டும் எப்படிம்மா?”

“எப்படின்னா? தெனம் ஒங்க குரல்ல கேக்குதுல்லா, ஒழுங்கா பதில் சொல்லிருதேன். முட்டு வலின்னா முட்டு வலி. அவரு ஞாபகம்னா அவரு ஞாபகம். நேத்து தோசை கருகிட்டுன்னு கூடச் சொன்னேன்.” சொல்லிவிட்டு முதல் தடவையாகக் கையைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தாள். “சரி, ஒங்களுக்கு என்னாச்சு?”

“பேட்டரிம்மா. வயரு குடுத்தா...”

“பேட்டரி கெடக்கட்டும். எனக்குத் தெரியாதா அது? ஒங்களுக்கு என்னாச்சு?”

பேச்சிமுத்து வயரை எடுத்தான். சிவப்பு முனையைப் பிரித்தான், மடக்கினான், மறுபடி பிரித்தான். தெரு முழுவதும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஒண்ணுமில்லம்மா” என்றான்.

அவள் சரி என்று சொல்லவில்லை. அவன் கையிலிருந்த வயரை வாங்கி வேனின் மேல் வைத்தாள். பிளாட்பாரத்தின் விளிம்பில் துண்டை விரித்து உட்கார்ந்து, ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக் காப்பியை ஊற்றினாள்.

“ஒரு ‘ஒண்ணுமில்ல’ ஆச்சா?” என்றாள். “இன்னும் ரெண்டு தடவ கேக்கணும்லா. வாங்க, வந்து இப்படி உக்காருங்க. ஆறிப்போயிரும்.”